ஜீப்பின் ஐந்து சக்கரங்கள்



ஜீப் வண்டிக்குச் சக்கரம் எத்தனை என்று கேட்டால் குழந்தையும் நான்கு என்றே சொல்லும். பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. டயர் மாற்றும் நாளில் கடைக்காரர் நான்குக்கு விலை சொல்வார். நாமும் நான்குக்கே பேரம் பேசுவோம். ஐந்தாவது சக்கரத்தின் நினைவு, லாஹூல் பள்ளத்தாக்கிலோ மத்தியப் பிரதேசத்துச் சிவனிக் காட்டிலோ இருட்டிய பிறகு ஜாக்கியை வெளியே எடுக்கும்போதுதான் வரும். அந்த ஐந்து சக்கரங்களையும் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

ஜீப் என்ற சொல்லைப் பொதுப்பெயராகவே இங்கு வழங்குகிறேன். அது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர் என்பது உண்மை. ஆயினும் கலெக்டர் ஜீப், போலீஸ் ஜீப், தேர்தல் ஜீப் என்று நம் ஊர்களில் வழங்கி வழங்கி, நான்கு சக்கரங்களாலும் உந்திச் செல்லக்கூடிய முரட்டு வண்டிகள் எல்லாவற்றுக்கும் அது உரியதாகிவிட்டது. 1985 முதல் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உற்பத்தியான ஜிப்சி, 2010-இலும் பிறகு புதிய உருவில் 2020-இலும் வந்த தார், 2023-இல் வந்த ஜிம்னி ஆகியவை டெல்லித் தெருக்களில் நாம் நாள்தோறும் காணும் ஜீப்புகள். அவற்றில் நம்மவர் ஓட்டுபவையும் உண்டு.

டெல்லியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். வீடு மயூர் விஹாரில், அலுவலகம் குருகிராமில். போகவர ஒரு நாளைக்கு 70 கிலோமீட்டர் என்றால், 240 வேலை நாட்களில் ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர் ஆகும். கோடை விடுமுறையில் ஒருமுறை மதுரைக்குச் சென்று வந்தால் 5,200 கிலோமீட்டர். மழை ஓய்ந்த செப்டம்பரில் ஒருமுறை லடாக்கு சென்று திரும்பினால் 2,000-க்கு மேல். ஆக, ஓராண்டில் 24,000 கிலோமீட்டர். இதில் உண்மையாகவே கல்லும் சேறும் ஓடைநீரும் நிறைந்த பாதை எவ்வளவு? தாராளமாக எழுதினாலும் 300 கிலோமீட்டருக்கு மிகாது. நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவே.

அப்படியானால் அந்த ஒரு பங்கை மறந்துவிடலாமா? மறக்க முடியாது. அந்த ஒரு பங்கில்தான் உதவி மிகத் தொலைவில் இருக்கிறது. மணாலியிலிருந்து லே செல்லும் வழியில், தாண்டி என்னும் ஊரின் பெட்ரோல் நிலையத்தில், அடுத்த நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எழுதிய பலகை பல்லாண்டுகள் நின்றது. பஞ்சர் கடையின் நிலையும் ஏறக்குறைய அதுவே. ஆகவே டயர் வாங்குபவர் தம்மைத் தாமே இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். வண்டி மிகுதியாக ஓடுவது எந்தச் சாலையில்? உதவிக்கு மிகத் தொலைவாக ஓடுவது எந்தச் சாலையில்? கடைத்தெருவில் நம்மிடம் கேட்கப்படுவதோ மூன்றாவது கேள்வி: வண்டி நிற்கும் இடத்தில் பார்ப்பதற்கு எப்படி இருக்க வேண்டும்? கரோல் பாகில் கார் அலங்காரக் கடைகளின் வரிசையைச் சுற்றி வந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் ஓட்டிய ஜீப்புக்கு 6.00-16 என்னும் அளவுடைய டயர் பூட்டியிருந்தார்கள். அகலம் 6 அங்குலம்; ரிம்மின் விட்டம் 16 அங்குலம். 1947-க்குப் பின் மஹீந்திரா நிறுவனம் பம்பாயில் பூட்டி விற்ற ஜீப்புகளுக்கும் அதே அளவுதான். இன்றைய இளைஞர் அதைப் பார்த்தால் சைக்கிள் டயர் என்று நகைப்பார். ஆனால் அந்த ஒடுங்கிய, உயர்ந்த டயர் மேற்சேற்றைக் கத்திபோல் கிழித்து அடியிலுள்ள கெட்டித் தரையைப் பற்றிக்கொண்டது. மணலில் மட்டும் அது தோற்றது. அங்கே காற்றைக் குறைத்து ஓட்டினார்கள். முரட்டு நிலத்துக்கு அகலமான டயர்தான் வேண்டும் என்ற எண்ணம் பிற்காலத்தது. அது பாதி உண்மையே.

இந்தத் தொழிலில் நம் நாட்டுப் பகுதிக்கு உள்ள பங்கையும் இடையே சொல்லிவிடுகிறேன். 1946-இல் திருவொற்றியூரில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை என்பவர் பொம்மைப் பலூன் செய்யும் சிறு கூடம் ஒன்றைத் தொடங்கினார். அதுவே 1961-இல் டயர் செய்யும் எம்.ஆர்.எஃப். தொழிற்சாலையாக வளர்ந்தது. சென்னைப் பாடியில் 1960-களில் எழுந்த வீல்ஸ் இந்தியா தொழிற்சாலை, எஃகுச் சக்கரங்களை நாடெங்கும் அனுப்பியது. இன்று அரக்கோணம், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று அந்த வட்டாரமே டயர் வட்டாரமாகிவிட்டது. காஷ்மீரி கேட்டில் நாம் பேரம் பேசும் டயர், நமக்கு முன்பே நாம் வந்த வழியில் லாரியேறி வந்ததாகவும் இருக்கலாம்.

இனி டயரின் பக்கச்சுவரைப் படிப்போம். அதில் 255/65 ஆர் 18, அதன் பின் 111 டி என்று பொறித்திருப்பதாகக் கொள்வோம். 255 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பதைக் குறிக்கும். அதாவது 166 மில்லிமீட்டர். ஆர் என்பது ரேடியல் அமைப்பு. 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 111 என்னும் எண், அந்த டயர் 1,090 கிலோகிராம் தாங்கும் என்பதற்கு அடையாளம். டி என்பது மணிக்கு 190 கிலோமீட்டர் வேகம் வரை அது பொறுக்கும் என்பதாகும். நம் சாலைகளில் வேக எழுத்தைவிடப் பாரஎண்ணே முக்கியம். ஊருக்குப் புறப்படும் ஜீப்பில் ஐந்து பேர், மேலே பெட்டிகள், பின்னால் உறவினருக்கான மூட்டைகள் என்று ஏற்றுகிறோம் அல்லவா? வண்டியைச் செய்தவர் குறித்த பாரஎண்ணுக்குக் குறைவான டயரை எந்த விலைக்கும் வாங்கக்கூடாது. இந்திய தர முத்திரையும் அச்சுவரிலேயே இருக்க வேண்டும்.

டயர் முகத்தின் வகை மூன்று. நெடுஞ்சாலைக்கு உரியதை எச்.டி. என்றும், எல்லா நிலத்துக்கும் உரியதை ஏ.டி. என்றும், சேற்றுக்கு உரியதை எம்.டி. என்றும் கடைகளில் வழங்குகிறார்கள். நம் ஓட்டுநர்கள் பட்டன் என்று சொல்லும் மேடுகள் எச்.டி. வகையில் நெருக்கமாகவும் சிறியனவாகவும், எம்.டி. வகையில் கட்டை கட்டையாகவும் இடைவெளி மிகுந்தும் இருக்கும். அந்த இடைவெளிதான் சேற்றை வாரி வெளியே எறிகிறது. அதே இடைவெளி தார்ச்சாலையில் குறையாகிறது. தரையைத் தொடும் ரப்பர் குறைவதால் மழையில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்க நீண்ட தூரம் ஆகும், இரைச்சல் மிகும், எரிபொருளும் மிகுதியாகச் செலவாகும். ஜூலை மாதத்து முதல் மழையில், எண்ணெயும் புழுதியும் கலந்து வழுக்கும் ரிங் ரோட்டில், முன்னால் செல்லும் பஸ் திடீரென்று நிற்கும்போது எம்.டி. டயர் எவருக்கும் நண்பன் அன்று. மின்டோ பாலத்தின் கீழ்த் தேங்கும் நீரைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். அங்கே எந்த டயரும் உதவாது. நீர் எஞ்சினுக்குள் புகுவதை டயர் எப்படித் தடுக்கும்?

நான் மேலே கூறிய குடும்பத்துக்கு ஏ.டி. வகையே ஏற்றது என்பது என் கருத்து. மலைக்குச் செல்லாதவருக்கு, ஊர்ப்பயணமும் அலுவலகமும் மட்டுமே உள்ளவருக்கு, எச்.டி. போதும், அதில் இழிவு ஒன்றும் இல்லை. மாதந்தோறும் சேற்றிலும் பாறையிலும் ஓட்டுவதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் எம்.டி. வாங்கட்டும். அவர்களில் பலர் அதற்கென்று தனியாக ஒரு சக்கரத் தொகுதியே வைத்திருக்கிறார்கள். அது சரியான வழி. ஏ.டி. வகையிலும் பக்கச்சுவரின் உறுதியைக் கேட்டு வாங்க வேண்டும். மலைப்பாதையின் கூரிய கற்கள் டயரின் முகத்தைவிடப் பக்கத்தையே கிழிக்கின்றன. முகத்தில் ஆணி ஏறினால் அரை மணி நேரத்தில் அடைக்கலாம். பக்கச்சுவர் கிழிந்தால் ஸ்டெப்னியைத் தவிர வேறு வழியில்லை. 2020-இல் நடுவண் அரசு, காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் அடைக்கும் பொருள்களும் உடைய கார்களை ஸ்டெப்னி இன்றியே விற்கலாம் என்று விதியைத் தளர்த்தியது. நகரக் காருக்கு அது பொருந்தலாம். மலைக்குப் போகிறவர் அந்தச் சலுகையை ஏற்க வேண்டாம்.

அடுத்தது அளவு. இங்கேதான் பலருடைய பணம் வீணாகிறது. ஜிம்னிக்குத் தொழிற்சாலையில் பூட்டும் டயர் 195/80 ஆர் 15. அதன் மொத்த விட்டம் 693 மில்லிமீட்டர். கடைகளில் அதைக் கழற்றிவிட்டு 235/75 ஆர் 15 பூட்டச் சொல்கிறார்கள். அதன் விட்டம் 733 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இதனால் வண்டியின் அடிவயிறு எவ்வளவு உயரும்? விட்டத்தின் வேறுபாட்டில் பாதி, அதாவது 20 மில்லிமீட்டர், ஒரு விரற்கடை. அந்த விரற்கடைக்கு நாம் கொடுக்கும் விலையைப் பாருங்கள். சக்கரம் நூற்றுக்கு ஆறு பங்கு பெருத்துவிட்டதால், வேகமானி 80 காட்டும்போது வண்டி 85-ஐ நெருங்கிவிடும். எல்லா கியர்களும் அதே அளவு நீண்டுவிட்டதுபோல் ஆகும். சிறிய எஞ்சின், மெல்லிய மலைக்காற்றில் ஏற்கெனவே மூச்சுத் திணறும்போது, ஏற்றத்தில் மேலும் தவிக்கும். பிரேக்குகள் பழையவை, நிறுத்த வேண்டிய சக்கரமோ பெரியது, கனமானது. ஸ்டீரிங்கைத் திருப்பினால் டயர் உட்புறம் உரசலாம். பெருத்த ஸ்டெப்னியின் சுமையைப் பின்கதவின் கீல்கள் தாங்க வேண்டும். ஒரு விரற்கடைக்கு இவ்வளவும் வேண்டுமா? கொஞ்சம் அகலம் வேண்டுமென்று விரும்புபவர் 215/75 ஆர் 15 வரை செல்லலாம். அதன் விட்டம் 703 மில்லிமீட்டர் சொச்சம், வேறுபாடு ஒன்றரை விழுக்காடுதான். அதையும் வண்டியைச் செய்தவரின் பணிமனையில் கேட்டே பூட்டுவது நல்லது.

இன்னொரு வழி உண்டு. ஒரே வண்டியின் வெவ்வேறு வகைகளுக்குத் தொழிற்சாலையே வெவ்வேறு அளவு தந்திருந்தால் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். புதிய தார் 2020-இல் வெளிவந்தபோது ஒரு வகை 18 அங்குல ரிம்மில் 255/65 டயருடனும், இன்னொரு வகை 16 அங்குல ரிம்மில் 245/75 டயருடனும் வந்தது. மொத்த விட்டத்தில் வேறுபாடு 15 மில்லிமீட்டர். ஆனால் பின்னதன் பக்கச்சுவர் 184 மில்லிமீட்டர் உயரம் உடையது. முன்னதைவிட 18 மில்லிமீட்டர் அதிகம். கல்லின்மேல் ஏறும்போது அடியை வாங்கிக்கொள்வது அந்தச் சுவர்தான். பெரிய ரிம்மும் மெல்லிய டயரும் கண்ணுக்கு அழகு. சிறிய ரிம்மும் தடித்த டயரும் மலைக்கு ஏற்றவை. ஆனால் பெரிய பிரேக் அமைப்பு சிறிய ரிம்முக்குள் அடங்குமா என்று பூட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்கக்கூடாது.

சட்டமும் ஒன்று இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை வலியுறுத்தியது. மட்கார்டுக்கு வெளியே நீண்டு நிற்கும் சக்கரத்தைப் போலீசார் நிறுத்திக் கேட்டால் வாதாடிப் பயனில்லை. விபத்துக்குப் பின் காப்பீட்டுக் கம்பெனியார் கேட்டால் இன்னும் சங்கடம்.

ரிம்மைப் பற்றிச் சில சொற்கள். எஃகு ரிம் கனமானது, விலை குறைந்தது, அழகற்றது. பள்ளத்தில் விழுந்தால் வளையும். வளைந்ததைச் சம்மட்டியால் தட்டி நிமிர்த்தி அடுத்த ஊர் வரை ஓட்டிவிடலாம். அலாய் ரிம் இலேசானது. வண்டி ஓட்டமும் இதமாக இருக்கும். ஆனால் கடுமையான அடிபட்டால் விரிசல் காணும். விரிசல் கண்டதைச் சாலையோரத்தில் எவராலும் சரிசெய்ய இயலாது. தொழிற்சாலை தந்த நல்ல அலாய் ரிம் இருந்தால் அதை மாற்ற வேண்டியதில்லை. எஃகு ரிம்மைக் கழற்றிவிட்டு, தர முத்திரை இல்லாத மலிவான அலாய் ரிம்மைப் பூட்டுவதுதான் நான் கடுமையாக மறுப்பது.

ரிம்மின் ஆணித் துளைகள் ஒரு வட்டத்தில் அமைந்திருக்கும். அந்த வட்டத்தின் விட்டம் பொருந்தினால் போதும் என்று சிலர் எண்ணுகிறார்கள். வேடிக்கையைக் கேளுங்கள்: 1941-இல் பிறந்த அமெரிக்க ஜீப்பிலும், நம் ஜிப்சியிலும், ஜிம்னியிலும் ஐந்து ஆணிகள், மூன்றிலும் ஆணி வட்டம் ஐந்தரை அங்குலம், அதாவது 139.7 மில்லிமீட்டர். அதனால் ஒன்றன் ரிம் மற்றொன்றில் சரியாக உட்காரும் என்று ஆகாது. நடுத்துளை பொருந்த வேண்டும். நட்டின் சாய்வு பொருந்த வேண்டும். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது அச்சில் பதியும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்னும் அளவும் பொருந்த வேண்டும். இந்தக் கடைசி அளவை ஆஃப்செட் என்பார்கள். சக்கரம் வெளியே தள்ளி நின்றால் வண்டி முறுக்கிய மீசையோடு நிற்பதுபோல் தோன்றும். ஆனால் பேரிங்கின் மேல் நெம்புகோல்போல் பாரம் ஏறி, அது விரைவில் கெடும். மாயாபுரியில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடங்களில் ரிம் வாங்குபவர், பேலன்சிங் கருவியில் வைத்துச் சுழற்றிப் பார்த்து வாங்க வேண்டும். பழைய படை ஜீப்புகளில் இரண்டு துண்டுகளை ஆணியால் இணைத்த ரிம் வருவதுண்டு. காற்று உள்ளே இருக்கும்போது அந்த இணைப்பு ஆணிகளைத் தளர்த்தினால் ரிம் பீரங்கிக் குண்டுபோல் பிரிந்து ஆளையே கொல்லும். அறியாத கையை அதன்மேல் வைக்க விடாதீர்கள்.

காற்றைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று காற்றை அளக்கிறோம். நம் கையிலுள்ள அளவி, டயருக்குள் இருக்கும் அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே காட்டுகிறது. டெல்லியில் வெளிக்காற்றின் அழுத்தம் 14 பவுண்டுக்குச் சற்று மேல். லே செல்லும் வழியில் தங்லங் லா என்னும் கணவாய் சுமார் 5,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிக்காற்று ஏழரைப் பவுண்டுதான். ஆகவே டெல்லியில் 30 பவுண்டு அடைத்த டயர் அங்கே 37 காட்டும், வெடித்துவிடும் என்று அஞ்சுபவர் உண்டு. அவர்கள் குளிரை மறந்துவிட்டார்கள். 35 பாகை வெப்பத்தில் அடைத்த காற்று, உறைபனி நிலையில் சுருங்குகிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் கணவாயில் அந்த டயர் ஏறத்தாழ 32 பவுண்டுதான் காட்டும். வெயிலேறி 15 பாகை ஆனால் 34. டயருக்கு இது ஒரு பொருட்டே அன்று.

ஆபத்து திரும்பும் வழியில் இருக்கிறது. கணவாயில் 34 காட்டுகிறதே என்று எண்ணி, கல்லுக்கு மென்மையாக இருக்கட்டும் என்று 26-ஆகக் குறைத்துவிட்டார் என்று கொள்வோம். அவர் காற்று ஏற்றாமலே கீழே இறங்கி அம்பாலா தாண்டி 35 பாகை வெப்பத்தில் வரும்போது டயரில் இருப்பது 22 பவுண்டுக்கும் குறைவு. பாரமும் வேகமும் சேர, பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடேறும். நெடுஞ்சாலையில் டயர் வெடித்தால் காற்று மிகுந்ததே காரணம் என்று நம்மவர் சொல்வது வழக்கம். காற்றுக் குறைவும், மிகுந்த பாரமும், முதுமையுமே பெரும்பாலும் காரணங்கள். சேற்றிலும் மணலிலும் காற்றைக் குறைப்பது நல்ல உத்திதான். 18 அல்லது 20 பவுண்டு வரை குறைத்தால் டயர் பரந்து பிடிக்கும். ஆனால் வண்டியிலேயே சிறிய காற்றடிப்பான் ஒன்று இருந்து, தார்ச்சாலை ஏறியவுடன் காற்றை நிரப்புபவருக்கே அந்த உத்தி உரியது. நைட்ரஜன் அடைத்தால் எல்லாம் சரியாகும் என்பாருக்கு ஒரு சொல்: நாம் மூச்சு விடும் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான்.

டெல்லியின் வெப்பநிலை மாற்றமும் இதே கணக்குக்கு உட்பட்டது. ஜனவரிக் காலையில் 5 பாகையில் 32 பவுண்டு அடைத்து, மே மாதம் வரை பாராமல் விட்டால், 45 பாகையில் அது 38-ஐத் தாண்டிக் காட்டும். மாறாகக் கோடையில் அடைத்தது குளிர்காலத்தில் குறையும். மாதம் ஒருமுறை, வண்டி ஓடும் முன் காலையில், ஐந்து சக்கரங்களிலும் பார்க்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் அளந்து காற்றை வெளியேற்றுவது தவறு.

முதுமை என்றேன். புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இதுவே மிகப் பெரிய கண்ணி. டெல்லியில் மெட்ரோ வந்த பிறகு பல வீட்டு வண்டிகள் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டே இருக்கின்றன. ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிகள் உண்டு. டயரில் பட்டன் புதிதுபோலவே இருக்கும். பள்ளங்களுக்குள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் அமைந்த சிறு மேடுகள் வெளியே தெரியும்வரை ஓட்டலாம் என்பது தேய்மானத்துக்கான விதி. முதுமைக்கு அது விடை சொல்லாது. வெயிலும் காற்றும் ரப்பரை இறுக்கி மயிரிழை வெடிப்புகளை உண்டாக்குகின்றன. அந்த வண்டியில்தான் ஒன்பதாம் ஆண்டு மே மாதத்தில், பேத்தியின் காதுகுத்துக்கு, முழுக் குடும்பமும் பெட்டிகளும் ஏறி 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் 2,600 கிலோமீட்டர் புறப்படுகிறது. ஜான்சிக்கும் நாகபுரிக்கும் இடையில் தார் கொதிக்கும். டயர் எப்போது செய்யப்பட்டது என்பது பக்கச்சுவரிலேயே நான்கு இலக்கமாக இருக்கிறது. 3524 என்றால் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். ஐந்து ஆண்டு கடந்தால் ஆண்டுதோறும் தேர்ந்த கண்ணுக்குக் காட்டிச் சோதிக்க வேண்டும். பத்து ஆண்டு கடந்ததைப் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழித்துவிட வேண்டும். புது டயர் வாங்கும்போதும் இந்த இலக்கத்தைப் பார்த்தே வாங்குங்கள். ஸ்டெப்னியின் வயதையும் பாருங்கள். வண்டி வாங்கிய நாளில் தொங்கவிட்டது அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும்.

நாமக்கல் பக்கத்திலிருந்து வந்த நேயர்கள், பழைய டயருக்குப் புதுமுகம் ஒட்டி ஓட்டலாமே என்று கேட்கக்கூடும். லாரிக்கு அது நல்ல சிக்கனம்; லாரி டயரின் உடல் அதற்கென்றே கட்டப்பட்டது. குடும்பம் ஏறும் ஜீப்புக்கு வேண்டாம்.

ஐந்தையும் ஒருங்கே மாற்றச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தார், ஜிம்னி, ஜிப்சி ஆகியவற்றில் நாற்சக்கர இயக்கத்தைப் பூட்டினால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழன்றாக வேண்டும். முன்னால் 9 மில்லிமீட்டர் பட்டன் உள்ள புது டயரும், பின்னால் 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்த டயரும் இருந்தால் விட்டத்தில் 12 மில்லிமீட்டர் வேறுபாடு. ஒரு கிலோமீட்டர் ஓடும்போது இரண்டு அச்சுகளுக்கும் இடையே ஏறத்தாழ 17 மீட்டர் வேறுபாடு சேரும். சேற்றில் சக்கரம் வழுக்கி அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். கெட்டித் தரையில் கியர் பெட்டி அந்த முறுக்கை வாங்கிக்கொள்ளும். பாதிச் செலவில் இரண்டு டயர் மாற்றியவர் பிறகு கியர் பெட்டிக்குச் செலவழிக்க நேரலாம். ஐந்தும் ஒரே அளவாக, ஒரே வகையாக வாங்கி, 8,000 அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஸ்டெப்னியையும் சேர்த்து இடம் மாற்றி வந்தால், ஐந்தும் ஒன்றாகத் தேயும். நான்கு டயர்கள் 40,000 கிலோமீட்டர் உழைக்கும் எனில் ஐந்து டயர்கள் 50,000 உழைக்கும். ஐந்தாவதன் விலை வீணாவதில்லை.

கடையை விட்டுக் கிளம்பும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். புது ரிம் வாங்கியிருந்தால் அதற்குப் புது நட்டுகள் தந்திருப்பார்கள். ஸ்டெப்னி பழைய எஃகு ரிம்மாகவே இருந்தால் அதற்குப் பழைய நட்டுகள்தான் பொருந்தும். அவற்றில் ஒரு சக்கரத்துக்கு வேண்டியவற்றைக் கேட்டு வாங்கி ஜாக்கியோடு துணியில் முடிந்து வையுங்கள். கடையில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிய நட்டு, கையால் திருகும்போது அசையாமல் நிற்கும். ஆகவே அங்கேயே, அந்த வாசலிலேயே, வண்டியோடு வந்த ஸ்பேனரைக் கொண்டு வீட்டில் வண்டி ஓட்டும் ஒவ்வொருவரும் ஒரு சக்கரத்தின் நட்டுகளைத் தளர்த்தி மீண்டும் முடுக்கிப் பார்க்கட்டும். கடைப்பையன் சிரிப்பான், சிரிக்கட்டும். பிறகு 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டுகளையும் மறுபடி ஒருமுறை முடுக்கிவிடுங்கள். புது ரிம் அச்சில் படிந்து உட்கார அவ்வளவு தூரம் ஆகும்.